கும்பமும் ஐந்து மாவிலையும்

திருப்பனந்தாள் வட்டாரத்தில் உள்ள சிக்கல்நாயக்கன்பேட்டையில் நான் பார்க்கப் போன வீட்டுப் பெரியவர் ஒரு பூரண கும்பம் எழுதிக்கொண்டிருந்தார். தேரில் தொங்கவிடும் தொம்பையில் ஒரு கட்டத்துக்கான படம். குடம், தேங்காய், மாவிலை, அவ்வளவுதான். நாயக்கர் காலம் தொட்டுக் கோயில்களுக்குத் தொம்பை, குடை, வாசலில் கட்டும் வாசமாலை, மேலே விரிக்கும் அஸ்மானகிரி என்று கலம்காரித் துணி எழுதிவரும் ஊர் இது.

விரித்திருந்த காடாத் துணி இளமஞ்சளாக இருந்தது. கஞ்சி போக அலசி, கடுக்காய்த் தூள் கலந்த பாலில் முக்கிக் காயவைத்தது. "துணி பால் குடிச்சிருக்கு தம்பி, இனிமே மை ஓடாது" என்றார். பாலில் உள்ள கொழுப்பு மையைக் கசியவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

கூராகச் சீவிய மூங்கில் குச்சி; அதில் துணியைச் சுற்றி நூலால் இறுக்கிய உருண்டை. அதுதான் எழுதுகோல். உருண்டையை விரலால் அழுத்தினால் மை நுனிக்கு இறங்கும். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் பானையில் நாள்கணக்கில் ஊறிய நீர்தான் மை. இறங்கும்போது வெளிறிய பழுப்பாக இருந்த கோடு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. கறுத்த கோட்டை அழிக்க வழியில்லை.

முதலில் கழுத்துக்கு இரண்டு கோடு. இடது வயிறு ஒரே இழுப்பு, வலது வயிறு ஒரே இழுப்பு. இரண்டும் அடியில் வந்து சேர்ந்த இடத்தில் தடுமாற்றமே தெரியவில்லை. பிறகு கும்பத்தில் சுற்றிய நூல். குறுக்கும் நெடுக்குமாக அவர் இழுத்த கோடுகள் நடுவில் அகலக் கட்டங்களாகவும் ஓரத்துக்குப் போகப் போக நெருங்கியும் விழுந்தன. நிழல் என்று ஒரு தீற்றல்கூட இல்லாமல் தட்டைத் துணியில் குடம் உருண்டு நின்றது. இந்த இடத்தில்தான் எனக்கு அவருடைய கையின் மேல் பெரும் மதிப்பு வந்தது.

மாவிலை ஐந்து. நடு இலை நிமிர்ந்திருக்க, பக்கத்துக்கு இரண்டாக மற்றவை வெளியே வளைந்தன. ஒவ்வொன்றிலும் நடுநரம்பை முதலில் போட்டுவிட்டு, அதற்கு ஏற்றபடி விளிம்பைக் கட்டினார். கடைசியாகத் தேங்காய். குடுமியின் நார்களை மட்டும் மயிரிழையாகப் பிரித்து எழுத, குடம் முழுவதற்கும் ஆன நேரம் ஆனது.

அவருடைய மருமகள் படத்தின் பின்னணியில் படிகார நீர் தடவினார். அப்போது நிறம் ஏதும் தெரியாது. சாயத்தில் வேகவைத்த பிறகு படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். முன்பு சாயவேர் போட்டார்களாம். இப்போது கடையில் வாங்கும் அலிசரின். "தண்ணி நல்லா இருந்தாத்தான் சிவப்பு நல்லா விழும்" என்றார் மருமகள்.

2021இல் இந்தக் கலைக்குக் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்திதான். ஆனால் குறியீடு அடுப்பை எரிக்காது, ஆர்டர்தான் எரிக்கும். இயந்திரத்தில் அச்சடித்த தொம்பை மலிவாகவும் உடனேயும் கிடைப்பதால், கையால் எழுதியதைக் கேட்டு வருவோர் குறைந்துவிட்டனர் என்று பெரியவர் வருத்தப்பட்டார். அச்சுத் துணியில் அந்த நூல் கட்டங்கள் ஒரே அளவில் விழுந்து, குடம் தட்டையாகக் கிடப்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஊர்த் தேருக்குத் தொம்பை மாற்றும் பேச்சு வந்தால், இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். திருவிழாவுக்குச் சில மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். வெயிலையும் தண்ணீரையும் நம்பிச் செய்கிற வேலை, அவசரத்துக்கு ஆகாது.