பதவியைச் சுமையாகச் சுமந்தவர்கள்

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே போலந்துப் படையில் அதிகாரிகளாக இருந்தவர்களைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு ஏக்கம் வந்துவிடுகிறது. 123 ஆண்டுகள் அடிமைப்பட்டுக் கிடந்த நாடு 1918-இல் மீண்டும் எழுந்தது. ஆஸ்திரியா, ரஷ்யா, ஜெர்மனி என்று மூன்று பேரரசுகளின் படைகளில் இருந்தவர்களும் விடுதலைத் தலைவர் பில்சுட்ஸ்கியின் தொண்டர் படையினரும் ஒரே சீருடைக்குள் வந்தார்கள். நேற்றுவரை எதிரெதிரே நின்றவர்களை இணைத்தது மானம்தான். 1921-ஆம் ஆண்டு மாதிரி வாளின் அலகிலேயே 'மானமும் தாயகமும்' என்று பொறித்துக்கொண்டார்கள்.

பதவி அவர்களைக் கட்டிப்போட்டது. திருமணத்துக்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டும். பணியில் இருக்கும்வரை ஓட்டுரிமை கிடையாது. நடத்தை பிசகினால் சக அதிகாரிகளே கூடிய மான நீதிமன்றம் விசாரிக்கும். மானத்தின் பேரில் நடந்த வாள் சண்டைகளை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை எண்ணி ஏங்காமல் இருக்க முடியவில்லை.

1926 மே மாதம் பில்சுட்ஸ்கி அரசுக்கு எதிராகப் படை நடத்தினார். அவருடைய நெடுநாள் தோழர் சொஸ்ன்கொவ்ஸ்கி அப்போது போஸ்னானில் தளபதி. தலைவனுக்கு எதிராக ஆயுதம் எடுக்கவும் மனமில்லை, அரசுக்குச் செய்த சத்தியத்தை மீறவும் மனமில்லை. துப்பாக்கியைத் தன் மார்பில் வைத்துச் சுட்டுக்கொண்டார். பிழைத்தது பெரும்பாடு. அந்த முடிவு சரியென்று சொல்லவில்லை. சொன்ன சொல் ஒரு மனிதனை இவ்வளவு வாட்டிய காலம் ஒன்று இருந்ததே என்றுதான் நெஞ்சு அடைக்கிறது.

அந்தத் தலைமுறையை வேரோடு பிடுங்கினார்கள். 1940-இல் சோவியத் ரகசியப் போலீஸ் காத்தின் காட்டிலும் பிற இடங்களிலும் சுமார் 22,000 போலந்துக் கைதிகளைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பல ஆயிரம் பேர் அதிகாரிகள். போருக்காகச் சீருடை அணிந்த மருத்துவர்களும் ஆசிரியர்களும் அவர்களுள் உண்டு.

தப்பியவர்களையும் காலம் மதிக்கவில்லை. 1944-இல் நெதர்லாந்தின் பிரெடா நகரை மீட்ட ஜெனரல் மாச்செக்கின் குடியுரிமையை, போருக்குப் பின் போலந்தில் வந்த கம்யூனிஸ்ட் அரசு பறித்தது. அவர் எடின்பரோ நகரில் மதுக்கூடப் பணியாளராக உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1994-இல், 102 வயதில் காலமானார். பிரெடாவில், தன் வீரர்களின் கல்லறைகளுக்கு நடுவே அவரை அடக்கம் செய்தார்கள்.