இடுக்குப் பிள்ளையாரும் 108 ஜி.பி.யும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இப்போது புது ரகம் ஒன்று நடமாடுகிறது. நெற்றியில் பட்டை, கழுத்தில் ருத்ராட்சம், நெஞ்சில் கேமரா! அலைச்சறுக்கு, மலையேற்றம் என்று சாகசம் பண்ணுகிறவர்களுக்காக வந்த ஆக்ஷன் கேமரா. செருப்பில்லாமல் 14 கிலோமீட்டர் நடப்பதும் சாகசம்தானே சார்?

ஒரு பௌர்ணமிக்கு அடியேனும் அந்த ரகத்தில் சேர்ந்தேன். காரணம், அத்தை. வயசு 72. அடுத்த மாசம் மூட்டு ஆபரேஷன். "அப்புறம் நடப்பேனோ என்னமோ, இப்பவே ஒரு சுத்து போயிடறேன்டா தம்பி" என்றாள். மஸ்கட்டில் இருக்கும் அவள் பிள்ளைக்கு லீவு இல்லை. "மச்சான், முழுசா எடுத்து அனுப்பு. ஒரு அடிகூட வெட்டாதே" என்று உத்தரவு.

அத்தை முன்னால், நண்பரிடம் இரவல் வாங்கிய பழைய கோப்ரோவோடு நான் பின்னால். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், ரமணாசிரமம் தாண்டி, செங்கம் ரோட்டை விட்டு வலது பக்கம் திரும்பியதும் கூட்டம் கொஞ்சம் மூச்சு விட்டது. ஆதி அண்ணாமலையில் சுக்குக் காப்பி. குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார். எத்தனை பேர் வந்தாலும் ஒவ்வொருவராக ஒருக்களித்துத்தான் நுழைந்து வரவேண்டும். முழங்காலைக் காட்டி, வெளியிலேயே கும்பிட்டுக்கொண்டாள் அத்தை.

நாலு மணி நேரம். மூன்று முறை பாட்டரி மாற்றம். ஆக, நாலு பதிவு.

படம் நொடிக்கு 60 மெகாபிட். எட்டால் வகுத்தால் ஏழரை மெகாபைட். (ஏழரை என்றதுமே உஷாராகியிருக்க வேண்டாமா!) மணிக்கு 27 ஜி.பி., நாலு மணிக்கு 108! விடிகாலை அஞ்சு மணிக்குள் நண்பருக்குக் காலி கார்டு வேண்டும். ஏற்காடு பஸ்ஸாம்.

கோயில் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு டெஸ்க்டாப். பையன் கேமராவை ஒயரோடு முன்பக்க யு.எஸ்.பி.யில் சொருகினான். அது 2.0. ஏட்டில் நொடிக்கு 60 மெகாபைட். நடைமுறையில் முப்பது வந்தால் அதிகம். அசல் இடுக்குப் பிள்ளையார்! ஒரு மணி நேரம் ஆகும். கார்டைத் தனியே எடுத்து, 3.0 ரீடரில் போட்டு, சி.பி.யு.வின் பின்னால் இருக்கும் நீல வாயில் சொருகினால் தொண்ணூறு மெகாபைட் வரை ஓடும். இருபதே நிமிஷம்!

"கட் பண்ணிடவா சார்?" என்றான் பையன்.

"காப்பி பண்ணுப்பா!" என்று அலறினேன். பாதியில் கரண்ட் போனால் கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று அத்தை இரண்டாகிவிடுவாளே!

வந்து விழுந்தவை 28 துண்டுகள். ஃபேட்32 என்ற பழைய கணக்குமுறையில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக்கூடாது. லெட்ஜரில் பக்கம் நிரம்பினால் 'கேரி ஃபார்வர்டு' போடுகிற மாதிரி, கேமராவும் அடுத்த ஃபைலுக்குப் போய்விடும். பெயர் வைத்ததில்தான் குறும்பு. துண்டு எண் முன்னால், பதிவு எண் பின்னால். பெயர் வரிசையில் அடுக்கினால் நாலு பதிவின் முதல் துண்டுகளும் வரிசையாக வந்து நிற்கும். ராஜகோபுரத்தில் கிளம்பிய அத்தை ஒரே தாவலில் நிருதி லிங்கத்தில்! தேதி, நேரப்படி அடுக்கினோம்; ஒழுங்காக நடந்தாள்.

கார்டை அழிக்கும் முன் பி.காம். புத்தி விழித்தது. இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை, பைட் எண்ணிக்கை டாலி ஆகிறதா? ஆனது. டிரையல் பேலன்ஸ் டாலி ஆனாலும் தப்பு ஒளிந்திருக்கும் என்று காலேஜில் படித்திருக்கிறோமே... நாலு பதிவிலும் கடைசித் துண்டைக் கடைசி நொடிவரை ஓட்டிப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் கார்டு காலி. மணி நாலே கால்.

மஸ்கட் போகிறவர் ஒருவரிடம் 128 ஜி.பி. பென் டிரைவ் கொடுத்தனுப்பினோம். துண்டுகளை ஒட்டி ஒரே ஃபைலாக்கிப் போட்டபோது வாங்க மறுத்தது. இடம் தாராளம், ஆனால் அதுவும் ஃபேட்32! எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்ததும் சமர்த்தாக வாங்கிக்கொண்டது.

பத்து நாள் கழித்து மச்சான் போன் பண்ணினான். நிருதி லிங்கம் வரைக்கும் பார்த்தானாம்.

"அம்மா வலது காலை இப்படித் தாங்கித் தாங்கியா நடக்கறா? என்கிட்ட ஒண்ணுமில்லேன்னாளே!" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆபரேஷனுக்கு வர்றேன். டிக்கெட் போட்டாச்சு."