பாதை

மருதமுனையிலிருந்து திருகோணமலைக்கு, சுபஹ் தொழுததும் வேனில் புறப்பட்டோம். கடல் வலப்பக்கம் வரும் என்பதால் பிள்ளைகள் அந்தப் பக்க யன்னல்களுக்குச் சண்டை பிடித்தார்கள். உம்மா பேசாமல் இடப்பக்கம் போய் உட்கார்ந்தா. 2004 டிசம்பர் 26இல் எங்கள் ராத்தாவைக் கடல் கொண்டுபோன பிறகு, கூப்பிடு தூரத்துக் கடற்கரைக்குக்கூட உம்மா போனதில்லை.

வாகரை, வெருகல், மூதூர் தாண்டினோம்.

"இறால்குழியிலயும் உப்பாத்துலயும் பாதைக்கு எவ்வளவு நேரம் காத்துக் கிடந்திருப்பம்!" என்றா உம்மா.

"இப்பவும் பாதையிலதானே போறம், உம்மும்மா?" என்றான் என் மகன்.

வாகனங்களை ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். பாலங்கள் வந்தன, அந்தச் சொல்லும் பிள்ளைகளுக்கு இல்லாமற் போயிற்று.

2009இல் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும், வேனை மெதுவாக விடச் சொன்னா உம்மா. கொட்டியாரக் குடா வெயிலில் மினுங்கிக் கிடந்தது.

"மூத்தவள் இந்தப் பாதையிலதான் தண்ணிக்குள்ள கையை விட்டுச் சிரிச்சவள்."

பிள்ளைகள் கேளாமலே இடம் விட்டார்கள். பாலம் முடியும்வரை உம்மா கடலையே பார்த்துக்கொண்டிருந்தா.