தூக்குவது வேறு, தாங்குவது வேறு

ஒக்டோபர் பிறந்தால் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரே கதைதான்: யாருடைய காருக்கு எப்ப சில்லு மாத்துறது? இந்த முறை சித்தப்பாவின் மகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டாள். வயது பதினெட்டு. கையில் புது லைசென்ஸ், வாசலில் பழைய சின்னக் கார். அவள் குழுவில் ஒரு கேள்வி போட்டாள்:

"கண்ணாடி தானா இறங்குது, டிக்கி தானாத் திறக்குது, சீற் தானாச் சூடாகுது. கார் மட்டும் ஏன் தன்னைத் தானே தூக்குதில்லை?"

பெரியவர்கள் சிரிக்கிற முகங்களைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வியாகத் தெரியவில்லை. ஏனென்றால் தன்னைத் தானே தூக்கும் கார்கள் இருந்திருக்கின்றன, இன்றைக்கும் இருக்கின்றன. எங்கள் வாசலில் நிற்கிற கார்கள் மட்டும்தான் அப்படி இல்லை. ஏன் இல்லை என்று பார்க்கப்போனால், காரின் கீழே கை வைக்கிற எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயத்தில் போய் முடிகிறது.

ஜேர்மனியில் இது வருடத்துக்கு இரண்டு தரம் வருகிற வேலை. 'ஓ பிஸ் ஓ' என்பார்கள். ஒக்டோபரில் இருந்து ஓஸ்ரர்ன், அதாவது உயிர்த்த ஞாயிறு வரைக்கும் குளிர்கால ரயர். சட்டம் திகதி எதுவும் சொல்லவில்லை. பனி, உறைபனி, சேறாகிய பனி இருக்கிற வீதியில் ஓடினால் குளிர்கால ரயர் இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறது. இல்லாவிட்டால் 60 ஒயிரோ தண்டமும் ஒரு புள்ளியும். 2024 ஒக்டோபரில் இருந்து ரயரில் மலையும் பனிப்பூவும் சேர்ந்த அடையாளம் இருந்தால்தான் அது குளிர்கால ரயராகக் கணக்கில் எடுக்கப்படும். அதனால் மாடி வீடுகளின் பின்வளவுகளில் ஆட்கள் ஜக்கோடு குனிந்து நிற்கிற காட்சி எல்லா ஊரிலும் உண்டு. ஊரில் ஜக், தமிழ்நாட்டில் ஜாக்கி, இங்கே வாகன்ஹேபர். பெயர் எதுவானாலும் முதுகு வலி ஒன்றுதான்.

ஒரு சின்னக் கருவி எப்படி ஒரு தொன்னுக்கு மேல் இருக்கிற காரைத் தூக்குகிறது? கத்திரிக்கோல் மாதிரி விரிகிற ஜக் திருகாணியால் வேலை செய்யும். எண்ணெய் ஜக்கின் சூத்திரம் வேறு. அதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஊசி இல்லாத சிறிய சிரிஞ்ச் ஒன்று, பெரிய சிரிஞ்ச் ஒன்று எடுத்து, நடுவில் ஒரு குழாய் பூட்டி, உள்ளே தண்ணீர் நிரப்புங்கள். சிறியதை அழுத்தினால் பெரியது எழும்பும். சிறியதன் பரப்பு 1 சதுர சென்ரிமீற்றர், பெரியதன் பரப்பு 10 என்று வைப்போம். இந்தப் பக்கம் 5 கிலோ அழுத்தினால் அந்தப் பக்கம் 50 கிலோவைத் தூக்கும். ஆனால் இலவசமாக ஒன்றும் கிடைக்காது. நீங்கள் 10 சென்ரிமீற்றர் அழுத்தினால் அது 1 சென்ரிமீற்றர்தான் எழும்பும். எண்ணெய் ஜக்கின் பிடியை அத்தனை தரம் ஏற்றி இறக்குவது அதனால்தான். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்பதைப் பிரெஞ்சுக்காரர் பாஸ்கல் விளக்கினார். அந்த நூல் அவர் இறந்த பிறகு 1663இல் வெளிவந்தது. அதே விதியை வைத்து 1795இல் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்தார்.

இந்த எண்ணெய் ஜக்கைக் காரிலேயே பூட்டிவிட்டால் என்ன என்று 1930களிலேயே யோசித்துச் செய்துவிட்டார்கள். பிரிட்டனில் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் 'ஜக்கோல்' என்ற அமைப்பு அப்படிப்பட்டது. எம்.ஜி., ரோவர் போன்ற கார்கள் சிலவற்றில் அது வந்தது. காரின் அடியில், அச்சுகளுக்குப் பக்கத்தில் நான்கு எண்ணெய்க் கால்கள். காரிலேயே ஒரு பம்ப். முன் பக்கமா, பின் பக்கமா, முழுக்காருமா என்று தெரிவு செய்ய ஒரு வால்வு. சாரதி பிடியை ஆட்ட ஆட்ட, கார் தன் நான்கு கால்களில் எழும்பி நிற்கும்.

பிறகு ஏன் அது மறைந்துபோனது? நான்கு உருளைகள், பம்ப், குழாய்கள், எண்ணெய் எல்லாவற்றையும் கார் ஒவ்வொரு நாளும் சுமக்கவேண்டும். பயன்படுவதோ எப்போதாவது ஒருநாள். அதுவும் அவை இருக்கிற இடம் காரின் அடிவயிறு. சேறும் தண்ணீரும் கல்லும் அடிக்கிற இடம். இங்கே குளிர்காலத்தில் வீதிக்குப் போடுகிற உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயை அடைத்து வைக்கிற ரப்பர் வளையம் ஒன்று தேய்ந்தாலே கசிவு தொடங்கிவிடும். இதற்கிடையில் ரயர்களும் வீதிகளும் நல்லாகிவிட்டன. ஜேர்மனியில் 1954இல் ஆ.டே.ஆ.சே. சங்கத்தின் வீதி உதவிச் சேவை தொடங்கியது. மஞ்சள் வாகனத்தில் வருகிற அவர்களை 'மஞ்சள் தேவதைகள்' என்று இன்றும் சொல்கிறார்கள். கூப்பிட்டால் ஆள் வரும் என்றால் காரோடு நான்கு கால்களைச் சுமந்து திரிய யார் காசு கொடுப்பார்? இப்போது பல புதுக் கார்களில் மேலதிகச் சில்லே இல்லை. ஓட்டையை அடைக்கும் பசைப் போத்தலும் சின்னக் காற்றுப் பம்பும்தான் இருக்கின்றன.

ஆனால் பிரான்சில் சிட்ரோயன் வேறு வழி பிடித்தது. 1955 ஒக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த டி.எஸ். காரில் இரும்புச் சுருள் வில் இல்லை. ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு உருண்டை. அதற்குள் ஒரு சவ்வுக்கு ஒரு பக்கம் நைதரசன் வாயு, மறுபக்கம் எண்ணெய். எஞ்சின் ஓடும்போது பம்ப் அந்த எண்ணெய்க்கு அழுத்தம் கொடுக்கும். ஒரு நெம்பைத் தள்ளினால் கார் உயரும், இறங்கும். தனியாக ஜக் எதற்கு? காரைத் தாங்குகிற எண்ணெயே காரைத் தூக்கட்டும் என்பதுதான் யோசனை.

அதில் சில்லு மாற்றுகிற முறையை வாசித்தபோது எனக்கு ஒரு இடத்தில் நிற்கவேண்டி வந்தது. முதலில் காரை ஆக உயரத்துக்கு ஏற்றவேண்டும். பிறகு பக்கவாட்டில் ஒரு இரும்புத் தாங்கியை வைக்கவேண்டும். அதன் பிறகு நெம்பை ஆகக் கீழே தள்ளவேண்டும். கார் இறங்கப் பார்க்கும், தாங்கி விடாது. அதனால் அந்தப் பக்கத்துச் சில்லுகள் நிலத்தை விட்டு மேலே எழும்பும். கவனித்தீர்களா? தூக்கியது எண்ணெய். தாங்கியது இரும்பு. அந்தக் காலத்தின் ஆகப் புதுமையான காரை வடிவமைத்தவர்களே, ஆள் பக்கத்தில் நின்று வேலை செய்கிற நேரத்தில் எண்ணெயை நம்பவில்லை.

இரண்டாவது இடம் கார்ப் பந்தயம். ஐஃபல் மலைப்பகுதியில் இருக்கிற நூர்பேர்க்ரிங் பந்தயத் தடம் 1927இல் திறக்கப்பட்டது. 1970இல் இருந்து அங்கே 24 மணிநேரப் பந்தயம் நடக்கிறது. அப்பாவோடு ஒருமுறை போயிருந்தேன். அப்பா ஓடுகிற கார்களைப் பார்த்தார். நான் நிற்கிற கார்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் வந்து நிற்கும். ஒருவர் காற்றுக் குழாயின் முனையைக் காரில் குத்துவார். 'டப்' என்று முழுக்காரும் ஒரே தடவையில் எழும்பும். சில்லுகளை மாற்றி முடிந்து காற்றை வெளியே விட்டதும் பொத்தென்று விழும், அடுத்த கணம் பறந்துவிடும். பார்முலா 1இல் இன்னும் ஆட்கள்தான் முன்னும் பின்னும் நெம்பு ஜக் வைத்துத் தூக்குகிறார்கள். போர்ஷே 911 ஜி.ரி.3 போன்ற பந்தயக் கார்களில் தூக்கும் கால்கள் காருக்குள்ளேயே இருக்கின்றன.

இவை எண்ணெயால் அல்ல, அழுத்திய காற்றால் வேலை செய்கின்றன. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். காலின் குறுக்களவு 5 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்ரிமீற்றர். காற்றின் அழுத்தம் 30 பார் என்று எடுங்கள். அதாவது ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் கிட்டத்தட்ட 30 கிலோ தள்ளு. ஒரு கால் 600 கிலோ தூக்கும். மூன்று கால் 1800 கிலோ. இந்தப் பந்தயக் கார் ஒன்று சுமார் 1300 கிலோதான். கணக்குச் சரி. ஜக்கோலை வீழ்த்திய பாரப் பிரச்சினைக்கும் இங்கே விடை இருக்கிறது. காருக்குள் இருப்பது வெறும் கால்கள் மட்டும். காற்றுப் போத்தல் வெளியே நிற்கிறது. வலு கொடுக்கிற பாகத்தைக் கார் சுமப்பதில்லை.

இங்கேயும் அதே பாடம்தான். சில்லு மாற்றுகிறவர்கள் காருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். ஒருவர் அடியில் போகவேண்டி வந்தால், நீண்டு நிற்கிற காலைச் சுற்றி ஒரு பூட்டுத் துண்டைப் போடுவார்கள். காற்றுப் போனாலும் கால் உள்ளே போகாது.

மூன்றாவது இடம் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். ஜேர்மன்காரர் விடுமுறைக்கு எடுத்துப்போகும் பெரிய வோன்மொபில் வண்டிகளைப் பாருங்கள். சிலவற்றில் ஹூப்ஸ்ருற்சன் என்ற நான்கு எண்ணெய்க் கால்கள் உண்டு. பவாரியாவின் ஆல்கோ போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் சரிவான இடத்திலும் வண்டி மட்டமாக நிற்கும். படுத்தால் உருளமாட்டீர்கள், எரிவாயுக் குளிர்சாதனப் பெட்டியும் ஒழுங்காக வேலை செய்யும். ஜக்கோலின் பேரப்பிள்ளை இதுதான். அதே பழைய பிரச்சினை இதற்கும் உண்டு. சாதாரண பே வகை லைசென்ஸுக்கு 3500 கிலோதான் எல்லை. கால்களும் பம்பும் அதில் சில பத்துக் கிலோவை எடுத்துவிடும். இந்தக் கால்களை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது என்பது இவற்றுக்கும் விதி.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், என் தங்கச்சிக்குத் தெரியாத ஒரு கதை எனக்குத் தெரியும். எனக்கு ஏழு வயதிருக்கும். அப்போது எங்கள் ஆட்களுக்குக் கராஜுக்குக் கொடுக்கக் காசில்லை. கார் பழுதானால் ஞாயிற்றுக்கிழமை பின்வளவில் அப்பாவும் சித்தப்பாவும்தான் மெக்கானிக். அன்றைக்குச் சைலென்சர் மாற்றுகிற வேலை. யாரோ இரவல் தந்த எண்ணெய் ஜக். கார் எழும்பி நின்றது. சித்தப்பா முதுகில் படுத்து உள்ளே நகரப் பார்த்தார்.

"நில்லடா," என்றார் அப்பா. "குற்றி வைக்காமல் கீழ போகாதே."

யாழ்ப்பாணத்தில் அப்பா பழகிய இடத்தில் காரைத் தூக்கினால் அடியில் தென்னங்குற்றி வைப்பார்களாம். இங்கே தென்னைக்கு எங்கே போவது? கழற்றி வைத்திருந்த குளிர்கால ரயர்களில் இரண்டை, ஒன்றின் மேல் ஒன்றாகக் காரின் ஓரத்துக்கு அடியில் தள்ளினார். சித்தப்பா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். பத்து நிமிடம் இருக்கும். சத்தம் ஒன்றும் வரவில்லை. கார் விழவும் இல்லை. மெல்ல மெல்ல, நாங்கள் கண் வெட்டாமல் பார்த்தால்தான் தெரிகிற வேகத்தில், இறங்கி வந்து அந்த ரயர்களின் மேல் உட்கார்ந்தது. ஜக்கின் ரப்பர் வளையம் கசிந்திருக்கிறது. அடியில் எண்ணெய் ஒரு சின்னக் குளமாக நின்றது. சித்தப்பா பக்கவாட்டில் ஊர்ந்து வெளியே வந்தார். அப்பாவும் அவரும் ஒன்றும் பேசவில்லை. நிலத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

அதனால் தங்கச்சிக்கு நான் எழுதிய பதில் இதுதான். கார் தன்னைத் தானே தூக்கும், அது பெரிய விஷயமில்லை. பாஸ்கல் காலத்து விஷயம். தூக்கினதைத் தாங்குகிறது எது என்று கேள்.

நீங்களும் இந்த வருடம் முதல்தடவை சில்லு மாற்றப் போகிறீர்கள் என்றால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள். கார் மட்டமான, கெட்டியான நிலத்தில் நிற்கட்டும். ஹாண்ட் பிறேக் போடுங்கள். தேர்ச் சில்லுக்குக் கட்டை போடுவதைத் திருவிழாவில் பார்த்திருப்பீர்களே, அதைப்போலத் தூக்காத பக்கத்துச் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். காருக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது. போல்ட்டுகளைச் சில்லு நிலத்தில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். ஜக்கை எங்கே வைப்பது என்று காரின் புத்தகத்தில் படம் இருக்கும், அந்த இடத்தில் மட்டும் வையுங்கள். காற்று சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் மெனுவில் 'வாகன்ஹேபர்' என்ற நிலையைப் போடுங்கள். தூக்கும்போது கார் தன் உயரத்தைத் தானே சரிசெய்யப் பார்க்காமல் இருக்கத்தான் அது. பிறகு இரும்புக் குற்றி. கடையில் உன்ரர்ஷ்ரெல்பொக் என்று கேளுங்கள். சில்லு மட்டும் மாற்றுகிறீர்கள், குற்றியும் இல்லை என்றால், கழற்றிய சில்லையாவது காரின் ஓரத்துக்கு அடியில் படுக்க வையுங்கள். அடியில் போகிற வேலை என்றால் குற்றி இல்லாமல் போகவே வேண்டாம். போல்ட்டுகளை எதிரெதிராக, புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். 50 கிலோமீற்றர் ஓடியபின் இன்னொரு தரம் இறுக்கிப் பாருங்கள்.

ஓட்டோபானில் காற்றுப் போனால் இதில் ஒன்றையும் செய்யாதீர்கள். மஞ்சள் சட்டையைப் போட்டு, முக்கோணத்தை வைத்து, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்று உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஒரு சோடி குற்றி பெரிய விலையில்லை. ஜக் வாங்குகிற அன்றைக்கே அதையும் வாங்கிவிடுங்கள்.