ஜீரோ காலி இல்லை

தேர்ட் செமஸ்டரில் எங்க கிளாஸுக்காக ஒரு சின்ன வெப் பேஜ் பண்ணினேன். ரோல் நம்பர் போட்டா இன்டர்னல் மார்க் வரும். மார்க் இன்னும் ஏறலைன்னா "மதிப்பெண் இன்னும் பதிவாகவில்லை"ன்னு காட்டும். அதுக்கு நான் எழுதின கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு: இஃப் (!மார்க்). கிளாஸே பாராட்டுச்சு. நானும் கொஞ்ச நாள் மிதந்தேன்.

என் ரூம்மேட்டுக்கு மட்டும் மேத்ஸில் ஒரு வாரமா அதே வாசகம். "சார் இன்னும் பேப்பர் திருத்தலை போலடா"ன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம். ஃபெயிலானவங்களுக்கு ரீடெஸ்ட் வெச்சாங்க. மார்க்கே வரலையேன்னு அவன் போகலை. மறுநாள்தான் கிளாஸ் ரெப் வெச்சிருந்த ஷீட்டைத் திறந்து பார்த்தேன். மார்க் எப்பவோ ஏறியிருந்தது. 0.

ஜாவாஸ்கிரிப்ட்டில் 0, வெற்று ஸ்ட்ரிங், நல், அன்டிஃபைன்ட் எல்லாத்தையும் இஃப் ஒரே மாதிரி 'பொய்'யாத்தான் எடுத்துக்கும். "காலியா?"ன்னு கேட்கறதா நான் நினைச்சேன். நான் எழுதினது "பொய்யா?"ங்கற கேள்வி.

இதுக்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. ஒண்ணுமே இல்லாத அரே 'உண்மை'. வெறும் ஸ்பேஸ் மட்டும் இருக்கற ஸ்ட்ரிங்கும் 'உண்மை'. அதே பேஜில் நோட்டீஸ் பெட்டி சில நாள் உள்ளே ஒண்ணும் இல்லாம வெறும் பார்டரோட நின்னதுக்குக் காரணம் அதுதான்.

இப்போ எதைச் சோதிக்கறேனோ அதுக்கேத்த மாதிரி கேட்கறேன். எண்ணுன்னா, மார்க் == நல். ரெண்டு சமக்குறி போட்டா நல், அன்டிஃபைன்ட் ரெண்டும் மாட்டும், 0 மாட்டாது. ஸ்ட்ரிங்னா முதல்ல ட்ரிம், அப்புறம் லெங்த். அரேன்னா நேரா லெங்த். ரியாக்ட் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை: லெங்த் பக்கத்தில் வெறும் && போட்டா, லிஸ்ட் காலியா இருக்கும்போது ஸ்கிரீன்ல ஒரு 0 வந்து உட்காரும். லெங்த் > 0 ன்னு எழுதிடுங்க.

அன்னிக்கு ராத்திரி ரூம்மேட்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவான்னு நினைச்சேன். "ஜீரோ வாங்கினது நான்தான் மச்சான். ஆனா தெரிஞ்சிருந்தா படிச்சிட்டுப் போயிருப்பேன்டா"ன்னு மட்டும் சொன்னான். எனக்குப் பதில் வரலை.

இப்பவும் எந்த பேஜ் பண்ணினாலும் முதல்ல 0 போட்டுத்தான் பார்க்கறேன். டெஸ்ட் டேட்டாவில் முதல் வரிசை அவனோட ரோல் நம்பர்.