லண்டன் வானொலிக்கு யாழ்ப்பாணத்தைச் சொன்னவருக்கு

அன்புள்ள மயில்வாகனம் நிமலராஜன் அண்ணாவுக்கு,

கோவையில் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் பார்க்கிறவன் எழுதுகிறேன். உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தொண்ணூறுகளில் எங்கள் கொங்குச் சீமையின் தோட்டத்துச் சாளைகளில், இராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சிற்றலை ரேடியோவைத் திருகி பிபிசி தமிழோசை கேட்பார்கள். இலங்கையில் நடப்பது பற்றி வாக்குவாதம் வந்தால், 'பிபிசியிலயே சொல்லிட்டாங்க' என்றதும் பேச்சு அடங்கிவிடும். பிபிசிக்கு அதைச் சொன்னது யார் என்று கேட்டவர்கள் குறைவு. ராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த யாழ்ப்பாணத்தில் குடியிருந்துகொண்டே பிபிசியின் தமிழ்ச் சேவை, சிங்களச் சேவை இரண்டுக்கும், வீரகேசரிக்கும், சிங்களப் பத்திரிகையான ராவயவுக்கும் செய்தி கொடுத்தீர்கள். தெற்கே சிங்களம் பேசுகிறவர்களின் வீட்டுக்கும் உங்கள் வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததே, அதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

2000 அக்டோபர் பொதுத்தேர்தலில் அங்கே நடந்த முறைகேடுகளையும் மிரட்டல்களையும் வெளிக்கொண்டுவந்தீர்கள். 19-ம் தேதி இரவு, ஊரடங்கு நேரம். சுற்றிலும் ராணுவக் காவல். வீட்டில் ஜன்னலோரம் எழுதிக்கொண்டிருந்த உங்களை அந்த ஜன்னல் வழியாகவே சுட்டுக் கொன்றார்கள். கையெறிகுண்டும் வீசியதில் உங்கள் பெற்றோரும் வீட்டுச் சிறுவன் ஒருவனும் காயப்பட்டார்கள்.

வெளியிலிருந்து வந்த செய்தியாளர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. மேரி கொல்வின் 2001-ல் வன்னிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கண்ணை இழந்தார். ஆனாலும் அவருக்குத் திரும்பிப் போக வேறு ஊர் இருந்தது. நீங்கள் செய்தி எழுதிய ஊரிலேதான் உங்கள் அம்மா அப்பாவும் இருந்தார்கள்.

உங்களுக்குப் பின் திருகோணமலையில் செய்தியாளர் சுகிர்தராஜன். 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். அவர்களிடம் இருந்த குண்டே வெடித்தது என்றது ராணுவத் தரப்பு. சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிக் காயங்கள் தெரிந்தன. 'சுடர் ஒளி' பத்திரிகையில் அவை வெளியான பிறகு குண்டு வெடித்த கதை எடுபடவில்லை. அதே மாதம் 24-ம் தேதி, வேலைக்குப் போகப் பேருந்துக்கு நின்றவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இன்று என் மேசைக்கு காஸா வருகிறது. 2023 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தம் விருப்பப்படி உள்ளே போக இஸ்ரேல் விடவில்லை. நமக்கு வரும் படங்கள் பெரும்பாலும் அந்த மண்ணின் பிள்ளைகள் எடுத்தவை. 2025 ஆகஸ்ட் 25 அன்று கான் யூனிஸ் நாசர் மருத்துவமனையிலிருந்து ராய்ட்டர்ஸுக்கு நேரலை அனுப்பிக்கொண்டிருந்த ஹுஸாம் அல்-மஸ்ரி தாக்குதலில் இறந்தார். படம் பாதியில் அறுந்தது. ஏபி நிறுவனத்துக்குப் படம் எடுத்துவந்த மரியம் தக்காவும் அன்று அங்கேயே இறந்தார்.

பக்கத்தில் இடம் போதாவிட்டால், செய்தியின் அடியில் இருக்கும் உள்ளூர் நிருபர் பெயரில்தான் முதலில் கை வைப்பார்கள். என் பக்கத்தில் அந்தப் பெயர் நிற்கும். அது உங்களால் வந்த பழக்கம், அண்ணா.

உங்கள் வழக்கில் 2022-ல் இங்கிலாந்தில் ஒருவரைக் கைது செய்தார்கள். தண்டனை இன்னும் யாருக்கும் இல்லை. அக்டோபர் 19 வரும்போதெல்லாம் அதையும் செய்தியாகக் கொடுத்துவருகிறேன்.


கோவையிலிருந்து உங்கள் தம்பி