முப்பது நாள் விலக்கு

தில்லியில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், சென்ற குளிர்காலத்தில் உணவு விலக்கு ஒன்றைத் தொடங்கினார். பாட்னாவைச் சேர்ந்தவர், ஆய்வின் ஐந்தாம் ஆண்டில் இருந்தார். நெஞ்செரிச்சலும் வயிற்று உப்புசமும் தூக்கமின்மையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்திருந்தன. மூன்றாம் இயல் நெறியாளரிடமிருந்து இரண்டு முறை திரும்பி வந்திருந்தது.

அவர் தேர்ந்துகொண்டது 2009இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஹோல்30’ என்னும் முறை. சர்க்கரை, மது, தானியம், பருப்பு வகைகள், பால் ஆகியவற்றை 30 நாள் அறவே விலக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக மீண்டும் சேர்த்து, உடலுக்கு ஒவ்வாதது எது என்று பார்க்க வேண்டும். இடையில் ஒரு கவளம் தவறினாலும் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்பது அதன் பெயர்பெற்ற விதி. அவரைக் கவர்ந்ததும் அந்த விதிதான்.

விடுதி மெஸ்ஸில் மதியம் ராஜ்மாவும் சோறும், இரவு ரொட்டியும் பருப்பும். விலக்குப் பட்டியலை அந்தத் தட்டின்மேல் வைத்துப் பார்த்தால் எஞ்சுவது வெள்ளரித் துண்டுகளும், எண்ணெயில் வெந்து குழைந்த சுரைக்காயும் மட்டுமே. நெட் தேர்வு வழி வராதவர்களுக்கான உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். அதில் மெஸ் கட்டணத்தை, உண்டாலும் உண்ணாவிட்டாலும், கட்டியாக வேண்டும். ஆகவே முட்டை, அவித்த உருளைக்கிழங்கு, வாரத்தில் இரு நாள் கோழி, கொஞ்சம் நெய் என்று அறையின் மின்னடுப்பிலேயே உணவு முடிந்தது. பழத்தில் சர்க்கரை இருக்கிறது என்று எங்கோ கேட்டு, விதி அனுமதித்த பழங்களையும் அவர் தாமாகவே நிறுத்திக்கொண்டார். பாலோடு காலைத் தேநீரும் போயிற்று.

முதல் வாரத்தில் உப்புசம் குறைந்தது, அவர் மகிழ்ந்தார். இரண்டாம் வாரத்தில் வயிறு நின்றுபோயிற்று. இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு நான்கு நாளுக்கு ஒருமுறை. உடம்பு நஞ்சை வெளியேற்றப் பழகிக்கொண்டிருக்கிறது என்று அவர் தமக்குச் சொல்லிக்கொண்டார். எதுவுமே வெளியேறாத ஒரு நிலைக்கு அப்படியொரு விளக்கம் எப்படிப் பொருந்தியது என்பது வியப்புக்குரியது.

யாரிடமும் சொல்லவும் இல்லை. தமிழ் இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று தனியே ஓர் இடம் உண்டு. எல்லா மொழிகளிலும் இந்தப் பேச்சுக்குத் திரை உண்டு. 2015இல் வந்த ‘பிகு’ படத்தில் தில்லிவாழ் வங்காள முதியவர் ஒருவர் தம் மலச்சிக்கலை வீடே அறியப் பேசிக்கொண்டிருப்பார், பார்த்தவர்கள் சிரித்தார்கள். முதியவர் பேசினால் நகைச்சுவை. முப்பதை எட்டாத பெண் பேசினால் என்னவாகும் என்று அவருக்குத் தெரியவில்லை. பாட்னாவிலிருந்து அம்மா நாள்தோறும் தொலைபேசியில் “பேட் சாஃப் ஹுவா?” என்று கேட்பார். வயிறு சுத்தமாயிற்றா என்று கேட்பது அவர்கள் வீட்டில் நலம் விசாரிப்பின் பகுதி. மகள் ஆம் என்றே சொல்லிவந்தார்.

நடந்தது என்ன என்பதை எளிய கணக்கில் காணலாம். முழுக் கோதுமை மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உண்டு. உலர்ந்த ராஜ்மாவில் 16 கிராமுக்கு மேல். முன்பு அவர் உண்ட ஆறு ரொட்டிகளிலேயே 20 கிராம் அளவுக்குக் கிடைத்துவந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வயதுவந்தோர்க்குப் பரிந்துரைத்த குறைந்தபட்ச அளவு நாளுக்கு 25 கிராம். முட்டையிலும் கோழியிலும் நெய்யிலும் நார்ச்சத்து அறவே இல்லை. சுரைக்காயிலும் வெள்ளரியிலும் பெரும்பகுதி நீர். தட்டு நிறைந்துதான் இருந்தது. பெருங்குடலுக்குத் தள்ளுவதற்கு ஒன்றும் வந்து சேரவில்லை. நார்ச்சத்தை நொதிக்கவைத்து வாழும் குடல் நுண்ணுயிர்களுக்கும் அதே பட்டினி.

பத்தொன்பதாம் நாள் இரத்தம் தென்பட்டது. இரண்டு இரவுகள் அவர் கைப்பேசியில் புற்றுநோயைப் பற்றியே படித்தார். மூன்றாம் நாள் மருத்துவரிடம் போனார்.

ஓய்வுபெறும் வயதை நெருங்கிய பெண் மருத்துவர். பிரிஸ்டல் அட்டவணையை எடுத்து முன்னே வைத்தார். 1997இல் வெளியான ஆய்வு ஒன்று, மலத்தின் வடிவத்தைக் கொண்டே அது குடலைக் கடந்த வேகத்தை ஊகிக்கலாம் என்று காட்டியது. அட்டவணையில் ஏழு வகைகள், முதல் இரண்டும் மந்தத்துக்கு உரியவை. வாயால் சொல்ல முடியாததை அவர் முதல் படத்தின்மேல் விரல் வைத்துச் சொன்னார். பரிசோதனையில் ஆசனவாய் வெடிப்பு என்று தெரிந்தது. இரத்தம் கண்டால் வெடிப்பாகத்தான் இருக்கும் என்று தாமே முடிவுசெய்யக் கூடாது, வந்தது சரி என்றார் மருத்துவர்.

அடுத்து வந்த கேள்விகளை அவர் எதிர்பார்க்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை உண்டா? உண்டு; அதுவும் மலத்தை இறுக்கும். தண்ணீர்? ஆவணக் காப்பகத்தில் காலை முதல் மாலை வரை நில வருவாய்க் கோப்புகள்; மேசைக்குத் தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுபோக முடியாது; குளிரில் தாகமும் தெரியாது. காலையில்? இருபது பேருக்கு மூன்று கழிப்பறைகள். வெளியே யாராவது கதவைத் தட்டுவார்கள். உணர்வு வந்தாலும் அடக்கிக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடுவார். இரைப்பைக்குள் உணவு இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்கும், அந்த அசைவு காலையில்தான் வலுவாக இருக்கும் என்றும், காலை உணவையும் தேநீரையும் அந்த நேரத்தையும் ஒருசேர விலக்கிவிட்டார் என்றும் மருத்துவர் விளக்கினார். விலக்கை முறிக்காமலே கொய்யாவும் சக்கரவள்ளிக் கிழங்கும் உண்டிருக்கலாமே. இரண்டும் தில்லித் தெருவில் குளிர்காலம் முழுவதும் கிடைக்கின்றனவே.

“இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. முடித்துவிட்டு மாற்றிக்கொள்கிறேன்” என்றார் மாணவி.

“யாரிடம் சமர்ப்பிக்க வேண்டும்?”

அவரிடம் பதில் இல்லை. அந்த ஆண்டில் பிழையின்றி நடந்துகொண்டிருந்தது அந்த ஒன்றுதான். இயல் திரும்பி வந்தது, கட்டுரை நிராகரிக்கப்பட்டது, நாட்காட்டியில் அடித்த கோடுகள் மட்டும் ஒவ்வொரு நாளும் கூடின. ஒவ்வாமைக்குக் காரணமான உணவைக் கண்டறிவதற்கென்றே மருத்துவர்கள் கையாண்ட வழி இது. கலிஃபோர்னிய மருத்துவர் ஆல்பர்ட் ரோ 1941லேயே இதைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். விலக்குவது அதில் பாதி வேலை. ஆனால் சமூக ஊடகங்களில் கொண்டாடப்படுவது அந்தப் பாதி மட்டுமே; மீட்டுச் சேர்ப்பதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

மேலும் இரண்டு நாள் அவர் பிடிவாதமாக இருந்தார். இருபத்து நான்காம் நாள் காலை, கட்டிலுக்கடியிலிருந்து எவர்சில்வர் டப்பாவை இழுத்தார். அம்மா கொடுத்தனுப்பிய சத்தூ. தமிழ்க் காதுக்குச் சத்துமாவு என்று கேட்கும்; அது வறுத்த கொண்டைக்கடலை மாவு, பீகாரின் அன்றாட உணவு. பருப்பு வகை என்பதால் இத்தனை நாள் விலக்கில் இருந்தது. இரண்டு கரண்டி மாவில் தண்ணீர், எலுமிச்சை, உப்பு, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய். குடித்துவிட்டு, அறைத்தோழி விழிப்பதற்கு முன், வரிசை இல்லாத ஐந்தரை மணிக்குக் கழிப்பறைக்குப் போனார். அன்று ஒன்றும் நிகழவில்லை. நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வாயு வாட்டும், மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ரொட்டி ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. வயிறு பழைய நேரத்துக்குத் திரும்ப இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று. வெடிப்பு ஆற அதற்கும் மேல்.

பாலைக் கடைசியாகச் சேர்த்தார். மூன்றாம் நாளே உப்புசம் வந்தது. பழைய நாட்களில் காப்பக வாசலில் குடித்த ஆறேழு கோப்பைப் பால் தேநீரை அப்போதுதான் எண்ணிப் பார்த்தார். இப்போது எலுமிச்சைத் தேநீர்; தயிர் ஒத்துக்கொள்கிறது.

அம்மாவிடம் அந்த முப்பது நாட்களைப் பற்றி ஹோலிக்கு ஊர் போனபோதுதான் சொன்னார். அம்மா திட்டிவிட்டு, டப்பாவை மறுபடி நிரப்பினார். மூன்றாம் இயல் மூன்றாம் முறையாக நெறியாளரின் மேசையில் இருக்கிறது.